நாங்களா, நாமா? வேலை போன நண்பருக்கு வாங்கிய நாவல்

எங்கள் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்த நண்பருக்கு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சீட்டைக் கிழித்தார்கள். மாலைக்குள் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். நாலு பேர் காசு போட்டு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று பேசினோம். சட்டை வேண்டாம், சுவர்க்கடிகாரம் கூடவே கூடாது. ஆங்கில நாவல் படிப்பவர் என்பதால் புத்தகம் என்று முடிவாகி, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் படித்தவற்றில் போட்டிக்கு வந்தவை இரண்டு. ஜோஷுவா ஃபெரிஸின் ‘தென் வி கேம் டு தி எண்ட்’ (2007), எட் பார்க்கின் ‘பர்சனல் டேஸ்’ (2008). முன்னது சிகாகோவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் நடக்கிறது, பின்னது நியூயார்க்கில் ஒரு அலுவலகத்தில். இரண்டிலும் ஆட்குறைப்பு, இரண்டிலும் வம்பு, இரண்டுமே முதல் நாவல். விலையில் பெரிய வித்தியாசமில்லை. ஃபெரிஸ் ஏறத்தாழ 400 பக்கம், பார்க் 250-க்குள். வேலை போனவருக்கு நேரத்துக்கா பஞ்சம் என்று எங்களில் ஒருவர் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை.

வேடிக்கையை மட்டும் பார்த்தால் பார்க் சளைத்தவரல்ல. மேலதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஸ்ப்ரவுட்’, அதாவது முளை. கேட்காமலே வந்து தோளைப் பிடித்துவிடும் ஆள் ஒருவர் இருக்கிறார். இப்படி ஒருவரை எனக்கும் தெரியும். நாவலின் மூன்றாம் பகுதி முழுவதும், லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவர் தட்டும் ஒரே மின்னஞ்சல், அதுவும் ஒரே வாக்கியம். கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவில்லை. ஆனால் பார்க்கை ஒருமுறைதான் படித்தேன், அதுவும் வேகமாக. சொல்விளையாட்டில் பாதி எனக்குப் பிடிபடாமல் போயிருக்கலாம்.

ஃபெரிஸ் இரண்டு முறை படித்தது. அவருடைய அலுவலகத்தில் ஒருவரை அனுப்பிவிட்டால் ‘ஸ்பானிஷ் நடை நடந்துவிட்டார்’ என்பார்கள், ஏதோ தண்டனைக்கு இழுத்துப்போகிற மாதிரி. போனவரின் அறை ஆறுவதற்குள் அவருடைய நல்ல நாற்காலியை யாராவது தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நாற்காலிக்கோ வரிசை எண் உண்டு, அதைச் சரிபார்க்க ஒரு அம்மாவும் உண்டு. கிறிஸ் யோப் என்பவர் இப்படி மாற்றிக்கொண்ட நாற்காலியால் பட்ட பாடு தனிக்கதை. கடைசியில் அது மிச்சிகன் ஏரிக்குள் போகிறது. அவரையும் வேலையை விட்டு அனுப்புகிறார்கள். ஆனாலும் அவர் அலுவலகம் வருவதை நிறுத்துவதில்லை, கூட்டத்தில் வந்து உட்கார்கிறார், விளம்பரத்துக்கு யோசனையும் சொல்கிறார். முதல் முறை விழுந்து விழுந்து சிரித்தேன். நண்பர் போனபின் மறுபடி எடுத்தபோது அந்த இடத்தைச் சட்டென்று கடக்க முடியவில்லை.

குறையும் உண்டு. பெயர்கள் பதினைந்துக்குக் குறையாது. முதல் 50 பக்கத்துக்கு, படித்த பக்கத்தில் செருகி வைக்கும் அட்டையின் பின்னால் யார் யார் என்று எழுதி வைத்துக்கொண்டேன். ஒரே சம்பவத்தை ஆளுக்கு ஆள் சொல்வதால் கதை நகராத மாதிரியும் தோன்றும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு ஒன்று. ஆங்கிலத்தில் ‘வி’ (we) ஒன்றுதான். தமிழில் படிக்கிற மனசுக்கு அது நாங்களா நாமா என்று கேட்காமல் இருக்க முடியாது. இரண்டு நாவலும் அந்த ‘வி’யில்தான் தொடங்குகின்றன. பார்க்கில் முதல் பகுதியோடு அது உடைகிறது. இரண்டாம் பகுதி சட்டப் பத்திரம் போல எண் போட்டுப் போகிறது, மூன்றாவதில் ஒரே ஒரு குரல்தான் மிச்சம். அலுவலகம் கூட்டத்தைத் தின்றுவிடும் என்பது உண்மைதான், அதைச் சொல்ல அந்த வடிவம் பொருத்தம்தான். ஆனால் குழுவிலிருந்து பெயர் நீக்கப்பட்ட மனிதருக்கு அதையே புத்தகமாகவும் கொடுக்க வேண்டுமா?

ஃபெரிஸின் குரல் கிட்டத்தட்ட முழுவதும் ‘நாங்கள்’. ஒருவர் போனால் அவரை விட்டுவிட்டு அடுத்த வாக்கியமே மறுபடி ‘நாங்கள்’ என்று கூசாமல் தொடங்கும். நடுவில் ஒரே இடத்தில் அது நிற்கிறது. மேலதிகாரி லின் மேசனுக்கு மார்பகப் புற்றுநோய் என்று வதந்தி. அதே சமயம் புற்றுநோயாளிகளைச் சிரிக்க வைக்கும் ஒரு இலவச விளம்பரம் செய்யச் சொல்லி உத்தரவு. அறுவைக்கு முந்தைய இரவு, வம்பு பேசும் கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு, ஃபெரிஸ் அந்தப் பெண்ணின் பக்கத்தில் மட்டும் உட்கார்கிறார். அப்புறம் கூட்டம் திரும்ப வருகிறது, ஆனால் அதே கூட்டமாக இல்லை. கடைசி வரியை இங்கே சொல்ல மாட்டேன். தமிழில் யாராவது மொழிபெயர்த்தால் அந்த ஒரு வரியில் மட்டும் ‘நாங்கள்’ செல்லாது, ‘நாம்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். அதற்காகவே இதை வாங்கினேன்.

வேலை பார்த்தே இராத கல்லூரிப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஒருவேளை பார்க்காக இருக்கலாம். வேலையில் இருந்துகொண்டு மேலதிகாரியைத் திட்டியபடியே படிக்க ஆசைப்படுகிறவருக்கும் அதுதான் சரி.

மூன்று வாரம் நண்பரிடமிருந்து பதிலே இல்லை. தப்பான பரிசோ என்று உறுத்தியது. போன செவ்வாய் இரவு ஒரு வரி அனுப்பினார்: “என் நாற்காலி இப்ப யார்கிட்ட இருக்கு?”

என்னிடம்தான் என்று பதில் போட்டேன். வலது சக்கரம் மாட்டும், இடது பக்கமா தள்ளு என்றார்.