கேம் பொருட்கள்: என்எஃப்டி நல்லதா, பழைய சர்வர் முறையே போதுமா?

என்எஃப்டி என்பது ஒரு டிஜிட்டல் பொருளுக்கான தனி அடையாள டோக்கன். இந்த முறையில், கேமில் வாங்கிய கார் பிளாக்செயினில் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பொதுப் பதிவேடு) உங்கள் வாலட் (டோக்கன்களை வைத்திருக்கும் டிஜிட்டல் பணப்பை) முகவரிக்குப் பதிவாகிவிடும், அதனால் நிரந்தரமாக உங்களுடையது என்கிறார்கள். பழைய முறையில் அது நிறுவனத்தின் டேட்டாபேஸில் ஒரு வரி, அவ்வளவுதான்.

அந்த ‘நிரந்தரம்’ எனக்குச் சுத்தமாக நம்பிக்கை தரவில்லை. செயினில் இருப்பது பெரும்பாலும் ஒரு டோக்கன் எண்ணும் ஒரு இணைப்பும்தான். காரின் வேகம், அது ஓடும் பாதை எல்லாம் நிறுவனத்தின் சர்வரில்தான். எஃப்1 டெல்டா டைம் என்ற என்எஃப்டி பந்தய கேமின் ஒரு கார் 2019-ல் 1 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. 2022 மார்ச்சில் ஃபார்முலா 1 உரிமம் கைவிட்டுப் போய் கேமையே மூடிவிட்டார்கள். டோக்கனை வைத்து எங்கே ஓட்டுவது? வேறு கேமுக்குக் கொண்டுபோகலாம் என்றால், அந்தக் குழு மாடல், அனிமேஷன், பேலன்ஸ் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும், காசு வராத வேலையை யார் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்?

விற்பதற்குப் பிளாக்செயின் தேவையே இல்லை, ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தின் சந்தையில் 2012 முதல் வீரர்கள் கேம் பொருட்களை விற்கிறார்கள். சரி, அங்கே விற்ற பணம் ஸ்டீம் வாலட்டிலேயே முடங்கிவிடும், அது உண்மையான குறை.

அப்புறம் பாதுகாப்பு. ஸ்டீம் கணக்கு பறிபோனால் மீட்டுத்தரச் சொல்லிக் கேட்க ஆதரவுக் குழு உண்டு. பிளாக்செயினும் திருட்டுக்குத் தப்பவில்லை: ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற என்எஃப்டி கேமின் ரோனின் பாலத்தில் (ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றும் அமைப்பு) 2022 மார்ச்சில் சுமார் 60 கோடி டாலர் திருடுபோனது. நான் விளையாடப் பழைய சர்வர் முறையே போதும்.