என் சர்க்கரையைப் பந்தியில் சொன்ன செயலி

2021இல் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் மகள் வாங்கிக் கொடுத்தது, புளூடூத் மூலம் போனோடு இணையும் குளுக்கோமீட்டர். விரலில் குத்தி, பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் சில நொடிகளில் செயலியில் எண் ஏறிவிடும். கருவியிலோ அளவிலோ எனக்குக் குறை இல்லை. வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் "இரவுச் சாப்பாடு தாமதமாகிறதா?" என்று டாக்டர் கேட்டுவிடுவார். குறையெல்லாம் செயலியிடம்தான்.

முதல் நாளே இருப்பிட அனுமதி கேட்டது. என் சர்க்கரைக்கும் நான் நிற்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம்? விசாரித்தால் காரணம் இருந்தது. ஆண்ட்ராய்டு 11 வரை, அருகிலுள்ள புளூடூத் கருவியைத் தேடவே அந்த அனுமதி தேவை. 12இல் அதற்கெனத் தனி அனுமதி வந்துவிட்டது. என் போன் 12க்கு மாறிய பிறகும் செயலி விடாமல் கேட்டது. மறுத்துப் பார்த்தேன், மீட்டர் ஒழுங்காகவே இணைந்தது.

அடுத்தது ஒரு கல்யாணப் பந்தி. இலை ஓரமாக வைத்திருந்த போன் ஒளிர்ந்தது: "காலை அளவு 212. மாத்திரை போட்டீர்களா?" பக்கத்து இலைக்காரர் படித்துவிட்டார். பாயச வாளியோடு வந்தவரை அவரே கையமர்த்தி அனுப்பினார். பூட்டிய திரையில் அறிவிப்பின் உள்ளடக்கத்தை மறைக்கும் வசதி போனிலேயே உண்டு என்பதை அன்று இரவுதான் கண்டுபிடித்தேன்.

எண்களைவிட எனக்கு உறுத்தியது, ஒவ்வோர் அளவுக்கும் கீழே இருந்த 'குறிப்பு' என்ற கட்டம். "தம்பியோடு சொத்துத் தகராறு, தூக்கமில்லை" என்று ஒருநாள் எழுதியிருக்கிறேன். தூக்க மாத்திரையின் பெயரும் அங்கேதான். டைரியில்கூட எழுதாததை ஒரு நிறுவனத்தின் சர்வரில் எழுதி வைத்திருந்தேன்.

திருடர்கள் பயமும் உண்டு. 2018இல், சாப்பாட்டுக் கணக்கு வைக்கும் மைஃபிட்னஸ்பால் செயலியின் சுமார் 15 கோடிக் கணக்குகளின் விவரங்கள் களவு போயின. ஆனால் ஃப்ளோ என்ற மாதவிடாய்க் கணக்குச் செயலியின் கதையில் யாரும் பூட்டை உடைக்கவில்லை. பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்கு அனுப்பியதாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதன் மீது குற்றம் சாட்டியது, 2021இல் சமரசமானது. அந்நிறுவனங்கள் தரும் நிரல்துண்டுகளைச் செயலிக்குள் பதித்திருந்தார்கள். கர்ப்பம் என்று பதிந்தால், அந்தச் செய்தியும் அதே வழியில் வெளியே போனது.

போன வருடம் செயலியை நீக்கினேன். இரண்டு மாதம் கழித்து மின்னஞ்சல்: "60 நாளாக அளவு பதியவில்லையே!" மகளின் போனில் என் கணக்கைத் திறந்து பார்த்தால், தம்பியின் தகராறு உட்பட எல்லாம் அப்படியே இருந்தது. போனிலிருந்து செயலி போனதே தவிர, கணக்கு போகவில்லை. அதை நீக்கும் பொத்தான் அமைப்புகளில் நான்கு பக்கம் தள்ளி ஒளிந்திருந்தது. அளவுகளைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு அழுத்தினேன்.

இப்போது மீட்டர் காட்டும் எண்ணை நோட்டில் எழுதுகிறேன். சென்ற முறை டாக்டர் அதைப் புரட்டிவிட்டு, "கையெழுத்து புரியவில்லை. அந்த வரைபடம் எங்கே?" என்றார்.