வன்னி வீதியில் ஓடக்கூடிய பிள்ளை வண்டில் எது?

பிள்ளை வண்டில் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இருக்கையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மெத்தை தடிப்பாக இருக்கிறதா, துணி என்ன நிறம், முன் தட்டில் கிலுக்கட்டி தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, கடையின் மாபிள் தரையில் இரண்டு தரம் உருட்டி, விலை பேசி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த வழுவழுப்பான தரையில் எந்த வண்டிலும் நல்ல வண்டிலாகத்தான் தெரியும். ஏ9 வீதியை விட்டு உள்ளே திரும்பியதும் தொடங்குகின்ற கிறவல் வீதியும், அதற்குப் பிறகு வருகின்ற ஒழுங்கையும், மாரியில் அந்த ஒழுங்கை எடுக்கின்ற கோலமும் கடையில் இருக்காது. ஆகவே வன்னியில் இருப்பவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது சில்லை; இருக்கையைப் பற்றி யோசிப்பதற்கு அதன் பிறகு வேண்டிய அளவு நேரம் உண்டு.

எங்கள் வீடு வட்டக்கச்சிப் பக்கம் இருக்கிறது. தங்கைக்குப் பிள்ளை பிறந்த பிறகு மூன்று வகையான வண்டில்கள் எங்கள் முற்றத்தில் ஓடியிருக்கின்றன: கிளிநொச்சி நகரக் கடையொன்றில் வாங்கியது ஒன்று, இலண்டனில் இருக்கும் சித்தி பொதியில் போட்டு அனுப்பியது ஒன்று, பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளை வளர்ந்துவிட்டதால் பாவிக்கத் தந்தது ஒன்று. இந்த மூன்றையும் ஒரே ஒழுங்கையில், ஒரே பிள்ளையை வைத்துத் தள்ளிப் பார்த்ததில் தெரிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் ஏணை இருக்கிறது, வெளியே போனால் இடுப்பு இருக்கிறது, தூரம் என்றால் மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்பது அவர்களுடைய வாதம். அது முழுக்கப் பிழையான வாதமுமல்ல. ஆனால் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்ற தாய் முதல் சில வாரங்களுக்குப் பாரம் தூக்கக்கூடாது; முழங்கால் வருத்தமுள்ள அம்மம்மாவினால் பத்துக் கிலோ நிறையுள்ள பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது; கிளினிக்கில் நிறை பார்ப்பதற்கும் ஊசி போடுவதற்கும் வரிசையில் காத்திருக்கும் நேரத்தில், நித்திரையான பிள்ளையைக் கிடத்துவதற்கு அங்குள்ள வாங்கிலைவிட வண்டில் எவ்வளவோ மேல். இந்தத் தேவைகளில் ஒன்றும் இல்லாத வீட்டில் வண்டில் வாங்குவது வீண் செலவு என்றுதான் நானும் சொல்வேன்.

நகரக் கடைகளில் அதிகம் விற்பனையாவது நான்கு சில்லு வைத்த, கைபிடியை முன்னும் பின்னுமாக மாற்றக்கூடிய வகை. பிள்ளை தள்ளுபவரைப் பார்த்தபடி கிடக்க வேண்டுமானால் கைபிடியை ஒரு பக்கமும், முன்னால் வேடிக்கை பார்த்தபடி போக வேண்டுமானால் மறுபக்கமும் திருப்பிக்கொள்ளலாம். எங்களுடையதும் அதுதான், விலை 34,500 ரூபாய். துணி நன்றாக இருக்கிறது, கூரை பெரிது, கீழே உள்ள கூடை ஒரு நாள் பயணத்துக்கு வேண்டிய பிள்ளைத் துணிகளைக் கொள்கிறது, சாய்மானம் ஏறக்குறைய தட்டையாகப் படுக்கிறது. விறாந்தையிலும் கொங்கிறீட் நடைபாதையிலும் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை படலையைத் தாண்டியதும் தொடங்குகிறது. சில்லுகள் ஒரு சாண் விட்டம்கூட இல்லாத, உள்ளே வெறுமையான பிளாஸ்ரிக் சில்லுகள். கிறவல் கல்லொன்று குறுக்கே வந்தால் பெரிய சில்லு அதன் மேல் ஏறி இறங்கும்; சிறிய சில்லோ அதில் முட்டி நின்றுவிடும். வண்டில் நின்றாலும் பிள்ளையின் உடல் நிற்பதில்லை, வார்ப்பட்டியில் போய் இழுபடுகிறது. முன் சில்லு இரண்டும் தாமாகத் திரும்பக்கூடியவை என்பதால், கல்லில் பட்டதும் ஆளுக்கொரு திசையாகத் திரும்பி நடுங்கத் தொடங்குகின்றன. முன் சில்லைத் திரும்பாமல் பூட்டுவதற்கு அச்சுக்கு மேலே சிறிய நெம்பு இருக்கிறது. கிறவலுக்கு வந்ததும் அதைப் பூட்டிவிட்டால் நடுக்கம் பாதியாகக் குறைகிறது. இதைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. கைபிடியை மாற்றும் வசதியிலும் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கைபிடியைத் திருப்பியவுடன், திரும்பும் சில்லுகள் தள்ளுபவரின் காலடிக்கு வந்துவிடுகின்றன, திரும்பாதவை முன்னுக்குப் போய்விடுகின்றன. வளைவில் வண்டிலைத் தூக்கித்தான் திருப்ப வேண்டியிருக்கிறது.

கடையில் சோதிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பத்துக் கிலோ அரிசிப் பையொன்றைக் கையோடு கொண்டுபோய், வண்டிலில் வைத்துப் பட்டியால் கட்டி, கடை வாசலுக்கு வெளியே வீதியோரக் கிறவலில் ஒற்றைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். மறு கையில் குடை இருக்கப் போகிறது என்பதால் ஒற்றைக் கை முக்கியம். பத்துக் கிலோ என்பது ஏறக்குறைய ஒரு வயதுப் பிள்ளையின் நிறை. "உள்ளுக்கையே உருட்டிப் பாருங்கோ அக்கா, வெளியில கொண்டுபோனா சில்லு ஊத்தையாகும்" என்று ஒரு கடைக்காரர் மறித்தார். சில்லு ஊத்தையாகும் இடத்துக்குத்தான் வண்டில் போகப் போகிறது என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வெளியே கொண்டுவர வேண்டியதுதான். விற்க விரும்புகிறவர் விடுவார்.

சித்தி அனுப்பியது குடைபோல் மடிகின்ற மெல்லிய வண்டில். இந்த வகையின் மூல வடிவத்தை 1965 இல் இங்கிலாந்தில் உருவாக்கிய ஓவன் மக்லாரன், இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிற்பயர் விமானங்களின் தரையிறங்கு சில்லுத் தொகுதியில் வேலை செய்த பொறியியலாளர். பாரம் குறைந்த அலுமினியக் குழாய்களை மடக்கி ஒடுக்கும் அறிவு அங்கிருந்துதான் வந்தது. விமானப் படிக்கட்டுக்கும் சீமெந்து நடைபாதைக்கும் அது மிகப் பொருத்தமான வண்டில் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் ஒழுங்கை மணலில் அதன் சில்லு அமிழ்ந்துவிடுகிறது. அளம்பில், செம்மலை போன்ற கரையோரக் கிராமங்களில் உள்ளவர்கள் இந்த வகையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஆனால் பயணத்துக்கு அதை வெல்ல வேறொன்றுமில்லை. இ.போ.ச. பேருந்தின் உயரமான படியில் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் மடித்த வண்டிலுமாக ஏற முடிகிறது. ஓட்டோவில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி வைக்க முடிகிறது. கடையில் வாங்கிய பெரிய வண்டிலை மடித்தாலும் அது ஓட்டோ ஆசனத்தில் ஓர் ஆளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சன நெரிசலான பேருந்தில் அதை ஏற்றுவதற்கு நடத்துநரின் நல்ல மனது வேண்டும்.

மடியும் வண்டில் எதுவானாலும் மூட்டுகளைக் கவனிக்க வேண்டும். 2009 இல் அமெரிக்காவில் மக்லாரன் நிறுவனம் ஏறக்குறைய பத்து இலட்சம் வண்டில்களுக்குத் திருத்த அறிவித்தல் விடுக்க நேர்ந்தது. விரிக்கும்போது பக்கவாட்டு மூட்டுக்குள் பிள்ளைகளின் விரல் அகப்பட்டு நுனி துண்டிக்கப்பட்ட சம்பவங்களே அதற்குக் காரணம். மூட்டை மூடும் உறைகளை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. பழைய வண்டிலொன்று வெளிநாட்டிலிருந்து கைமாறி வருமானால் அந்த மூட்டு மூடியிருக்கிறதா என்று விரித்தும் மடித்தும் பார்த்துவிடுங்கள். விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளை இன்னொருவர் கையில் இருக்கட்டும்.

மூன்றாவதாக வந்ததுதான் எங்கள் ஒழுங்கைக்கு ஏற்ற வண்டில். முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு இரண்டுமாக மூன்று பெரிய காற்றுச் சில்லுகள். கிறவலில் கல் அதன் காலடியில் இருப்பதே பிள்ளைக்குத் தெரிவதில்லை; நித்திரை கலையாமல் வாய்க்கால் கரை வழியே கொண்டுபோய்த் திரும்பலாம். மணல் தடிப்பாக உள்ள இடத்தில் முன்னுக்குத் தள்ளாமல் திரும்பி நின்று இழுத்தால் பின் சில்லு இரண்டும் வழி வெட்டிக்கொடுக்கின்றன. பாரம் கூட, விலையும் கூட, மடித்தாலும் இடம் பிடிக்கும் என்பவை உண்மையான குறைகள். காற்றுப் போகுமே என்ற பயத்தைத்தான் பலரும் சொல்கிறார்கள். நெருஞ்சியும் உடை முள்ளும் உள்ள ஊரில் அந்தப் பயம் நியாயமானது, ஆனால் அதற்கு வழி இருக்கிறது. இந்த வண்டில்கள் பலவற்றின் ரயரில் 12½ × 2¼ என்ற அளவு அச்சிடப்பட்டிருக்கும். சிறு பிள்ளைகளின் சைக்கிளுக்கும் அதே அளவுதான். எங்கள் சந்திச் சைக்கிள் கடை ஐயா ரயரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சின்னப் பிள்ளையளின்ர சைக்கிள் ரியூப்தானே தங்கச்சி" என்று சொல்லி, அங்கேயே கழற்றி ஒட்டுப் போட்டுத் தந்துவிட்டார். வால்வு மட்டும் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வாக இருக்கும். வீட்டில் உள்ள சைக்கிள் பம்பின் வாய் அதற்குப் பொருந்தாமல் போகலாம். எரிபொருள் நிலையத்தின் காற்றுக் குழாயை அழுத்தம் பாராமல் வைத்தால் அந்தச் சிறிய ரியூப் வெடித்துவிடும். எவ்வளவு காற்று என்பது ரயரின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் சாய்மானத்தையும் கவனிக்க வேண்டும். கழுத்து நிற்காத பிள்ளையைச் சாய்த்து இருத்தினால் தலை முன்னுக்குச் சரிந்து மூச்சுப் பாதை நெரிபடும். பிறந்த நாளிலிருந்து பாவிக்கலாம் என்று சொல்லப்படும் வண்டிலின் இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் இடையில் குறைந்தது 150 பாகை இருக்க வேண்டும் என்பது ஈ.என். 1888 என்ற ஐரோப்பிய நியமத்தின் விதி. மலிவான வண்டில்களில் அந்த நியமத்தின் பெயர் எங்கும் இருக்காது, அதனால் நாமே படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். குடைவகை வண்டில்களில் பல இவ்வளவு சாய்வதில்லை. பிள்ளை தானாக இருக்கப் பழகிய பிறகே அவற்றைப் பாவிக்கலாம். பட்டி தோளிரண்டு, இடுப்பிரண்டு, கால் நடு என ஐந்து முனையாக இருக்க வேண்டும். இடுப்பை மட்டும் சுற்றும் பட்டியிலிருந்து எட்டு மாதப் பிள்ளை நெளிந்து எழும்பிவிடும். நிறுத்தியை, அதாவது பிறேக்கை, காலால் அழுத்தியபின் அரிசிப் பையோடு சரிவில் விட்டுப் பாருங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் குளக்கட்டில் நிறுத்திய வண்டிலைக் காற்றே உருட்டும்.

வெயில் தனிக் கதை. கறுப்புத் துணி தைத்த வண்டில்களை ஏன் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து விற்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வெயிலில் நின்ற வண்டிலின் உலோகக் கொளுவியைப் பிள்ளையின் தொடையில் படவிடுவதற்கு முன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெயில் படாமல் இருக்கட்டும் என்று துவாயாலோ தடித்த துணியாலோ வண்டிலை மூடிக் கட்டுவது நம்மிடம் பெரிய வழக்கமாக இருக்கிறது. அப்படி மூடினால் உள்ளே காற்றோட்டம் நின்று வெக்கை ஏறுகிறது. சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 இல் வெளியிட்ட ஆய்வொன்று, உலர்ந்த துணியால் மூடும்போது வண்டிலின் உட்புறம் வெளியைவிடச் சூடாகிறது என்றும், மெல்லிய துணியை நனைத்துப் போட்டால் சூடு குறைகிறது என்றும் காட்டியது. துணி காயக் காய மறுபடி நனைக்க வேண்டும் என்பதால் ஒரு போத்தல் தண்ணீர் கூடையில் இருக்கட்டும். நுளம்பு வலை கேட்டு வாங்குங்கள். டெங்கு உள்ள மாவட்டங்களில் அதை மேலதிகப் பொருளாகக் கணக்கிட்டுத் தனிக் காசு கேட்கும் கடையில் பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

மாரியில் எந்த வண்டிலுக்கும் பெருமை இல்லை. சுரி சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையில் அடைத்து இறுகிவிடும். அது காய்வதற்கு முன் கழுவி, அச்சில் ஒரு துளி எண்ணெய் விட்டால் அடுத்த கோடையில் கிறீச்சிடாது. துணி முழுவதையும் கழற்றித் தோய்க்க முடிகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். எங்கள் கடை வண்டிலில் இருக்கையின் அடிப்பாகம் கழற்ற முடியாதபடி தறையப்பட்டிருப்பதால், கார்த்திகை மழையில் நனைந்த பிறகு பூஞ்சணம் பிடித்த மணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இரவில் விறாந்தையில் விட்ட வண்டிலைக் காலையில் ஒரு தரம் உதறாமல் பிள்ளையைக் கிடத்தாதீர்கள். தேளுக்கும் பூரானுக்கும் அந்த மெத்தை பிடித்த இடம்.

புதிதாக வாங்கக் கையில் காசு போதாதவர்கள், மலிவான புதிய பிளாஸ்ரிக் சில்லு வண்டிலுக்குப் போவதைவிடப் பாவித்த காற்றுச் சில்லு வண்டிலைத் தேடுவதே நல்லது. பிள்ளைகள் இரண்டு வருடத்தில் வண்டிலை விட்டு இறங்கிவிடுவதால் பலருடைய வீட்டுக் கொட்டிலில் அவை தூசு பிடித்துக் கிடக்கின்றன. சட்டத்தில் வெடிப்பு இருக்கிறதா, நிறுத்தி இரண்டு சில்லையும் பிடிக்கிறதா, பட்டியின் கொளுவி ஒரே அழுத்தில் விடாமல் இறுகி நிற்கிறதா என்று பாருங்கள். ரயர் வெடித்துப் பாளம் விட்டிருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம், ஏனென்றால் ரயரை மாற்றிவிடலாம். சட்டம் வளைந்திருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். எங்கள் வீட்டில் இப்போது பக்கத்து வீட்டு வண்டில் ஊருக்குள்ளும், சித்தியின் வண்டில் யாழ்ப்பாணப் பயணங்களுக்கும் ஓடுகின்றன. கடையில் வாங்கியது விறாந்தையில் நிற்கிறது. பிள்ளைக்குச் சோறு தீத்துவதற்கு அதைவிட வசதியான இருக்கை இல்லை என்று தங்கை சொல்கிறாள்.