டிராக் டேவுக்கு யாரிடம் கற்பது: பள்ளி, பக்கத்து இருக்கை கோச், டேட்டா, சிமுலேட்டர்

டிராக் டே என்பது சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கும் நாள். சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அப்படி மூன்று நான்கு நாள் ஓட்டிய பலரும் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்பார்கள். முதல் நாள் லேப் நேரம், அதாவது டிராக்கை ஒரு சுற்றுச் சுற்றும் நேரம், மளமளவென்று குறையும். அடுத்த நாள் கொஞ்சம் குறையும். அப்புறம் அசையவே அசையாது. உடனே டயர், எக்ஸாஸ்ட், ரீமேப் (இன்ஜின் மென்பொருளை மாற்றுவது) என்று கை போகும். அந்தப் பணத்தைப் பயிற்சிக்குக் கொடுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம்: நீங்கள் தவறு செய்யும் நொடிக்கும், அது உங்கள் காதுக்கு வரும் நொடிக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஓடுகிறது?

ஒரு நாள் ரேசிங் பள்ளி

காலையில் வகுப்பு, பிறகு டிராக், ஒவ்வொரு செஷன் முடிந்ததும் கருத்து. அடிப்படை இல்லாதவருக்கு இது நல்ல தொடக்கம். கொடி நிறங்கள், பார்வையை எங்கே வைப்பது, ரேசிங் லைன் (திருப்பத்தை வேகமாகக் கடக்கும் பாதை), டிராக்கை ஒட்டிக் கார்கள் நிற்கும் பிட்டுக்குள் நுழையும் முறை எல்லாம் ஒழுங்காக மனதில் பதியும். 1992-இல், பின்னாளில் ஃபார்முலா ஒன் ஓட்டிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் இப்படிக் கற்க பிரான்சின் வின்ஃபீல்ட் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. இன்று அந்த வசதி வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

குறை எங்கே என்றால், தவறு பத்து மணிக்கு நடக்கும், திருத்தம் பத்தரைக்கு வரும். அதற்குள் அதே தவறு ஆறேழு லேப் திரும்பியிருக்கும். ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேருக்கு மேல் இருந்தால் உங்கள் பங்குக்குப் பொதுவான அறிவுரைதான் மிஞ்சும். இன்னொன்று, ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் வசதி) இல்லாத ஒற்றை இருக்கை ஃபார்முலா காரில் கற்பிக்கும் பள்ளிகள் உண்டு. வீல் லாக் ஆவதைக் காலால் உணர அதைவிட நல்ல கார் கிடையாது. ஆனால் நீங்கள் திரும்பி வந்து ஓட்டப்போவது முன்சக்கர இழுவையும் ஏபிஎஸ்ஸும் உள்ள ஹேட்ச்பேக். அதன் நோய் வேறு: திருப்பத்துக்குள் வேகமாக நுழைந்ததும் காரின் மூக்கு வெளியே நழுவும், ஓட்டுபவர் ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவார், டயர் இன்னும் தேயும், கார் இன்னும் திரும்பாது. இதை உங்கள் காரிலேயே உட்கார்ந்து பார்ப்பவரால்தான் திருத்த முடியும்.

கோச் காரின் பின்னால் வரிசையாக ஓட்டும் முறையையும் சில இடங்களில் பயிற்சி என்று விற்கிறார்கள். கோச்சுக்கு நேர் பின்னால் இருப்பவருக்கு மட்டும் சரியான லைன் தெரியும். மூன்றாவது காரில் இருப்பவர் இரண்டாவது ஆளின் தவறைத்தான் படிக்கிறார். லேப்புக்கு லேப் இடம் மாற்றாவிட்டால் அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

பக்கத்து இருக்கை கோச்

எங்கள் முதல் தேர்வு இதுதான். பிரேக் பெடலில் கால் தயங்கும் அந்த நொடியிலேயே குரல் வரும்.

பிரேக்கையே எடுத்துக்கொள்வோம், புதியவர்கள் அதிகம் இழப்பது அங்கேதான். 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்கு இறங்க, 0.9 ஜி அளவில் (புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒன்பது பங்கு) அழுத்தினால் சுமார் 64 மீட்டர் போதும். சாலைப் பழக்கத்தில் மெதுவாக 0.6 ஜி அளவில் அழுத்தினால் 96 மீட்டர் வேண்டும். அந்த 32 மீட்டர் முன்னதாகவே பிரேக்கைத் தொடுவதால், ஒரு கார்னருக்குக் கிட்டத்தட்ட 0.3 வினாடி போய்விடும். தன் கால் மெதுவாக அழுத்துகிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது, அவருக்கு அது முழு பிரேக்காகவே தோன்றும். பக்கத்தில் இருப்பவர் தன் உடம்பு பெல்ட்டில் சாயும் அளவிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

நல்ல கோச்சை அடையாளம் காண்பது எளிது. முதல் இரண்டு லேப் அவர் வாயைத் திறக்க மாட்டார். பிட்டுக்கு வந்ததும் பத்துக் குறை சொல்ல மாட்டார், ஒன்றே ஒன்றைச் சொல்லி அடுத்த செஷன் முழுக்க அதை மட்டும் பார்ப்பார். பைக்குகளுக்கான கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளி ஒரு செஷனுக்கு ஒரு பயிற்சி என்று வகுத்திருப்பதும் இதே காரணத்தால்தான். கார் 30 மீட்டரை ஒரு வினாடியில் கடக்கும்போது மனம் ஒரு வேலையைத்தான் புதிதாகச் செய்யும்.

ஹெல்மெட் இன்டர்காம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். 100-ஐத் தாண்டினால் கத்தினாலும் கேட்காது, பாதிச் சொல் காதில் விழுவது ஒன்றும் கேட்காததைவிட ஆபத்து. உங்களுக்கு ஹார்னஸ் (ரேஸ் காரின் பல பட்டை சீட் பெல்ட்) போட்டிருந்தால் கோச் பக்கமும் அதே ஹார்னஸ் இருக்க வேண்டும். கோச்சின் எடையாக 75 கிலோ கூடுவதால் பிரேக் சூடும் கூடும், நேரான பகுதியில் வேகம் குறையும். ஆகவே கோச்சோடு ஓட்டிய லேப் நேரத்தைத் தனியாக ஓட்டியதோடு ஒப்பிட வேண்டாம்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. குரல் இருக்கும்வரை சரியாக ஓட்டிவிட்டு, அவர் இறங்கியதும் பழைய பழக்கத்துக்குப் போய்விடுவது. கடைசி செஷனில் கோச் பேசாமல் உட்காரவோ, வெளியே நின்று பார்க்கவோ வேண்டும். அதை முன்பே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

டேட்டா லாகரும் தொலைவிலிருந்து திருத்துபவரும்

காரின் வேகத்தையும் இடத்தையும் ஜிபிஎஸ் வழியாகப் பதியும் கருவிதான் டேட்டா லாகர். அந்தப் பதிவைத் தொலைவில் இருப்பவர் பார்த்துச் சொல்லும் திருத்தம் மாலையிலோ மறுநாளோ வரும். ஆனால் எந்த மனிதக் காதுக்கும் இல்லாத துல்லியம் இதற்கு உண்டு. செல்ஃபோனின் ஜிபிஎஸ் பொதுவாக வினாடிக்கு ஒரு புள்ளி எடுக்கும். 108 கிலோமீட்டர் வேகத்தில் அது 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, முழு பிரேக்கிங்கில் பாதி அதற்குள் முடிந்துவிடும். 10 ஹெர்ட்ஸ் (வினாடிக்குப் பத்துப் புள்ளி) கருவி 3 மீட்டருக்கு ஒன்று, ரேஸ்பாக்ஸ் மினி போன்ற 25 ஹெர்ட்ஸ் கருவி 1.2 மீட்டருக்கு ஒன்று. 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே வாங்க வேண்டாம்.

வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது வேகக் கோட்டின் அடிப்பகுதி. மெதுவான கார்னரில் தேர்ந்தவரின் கோடு செங்குத்தாக இறங்கி, அடியில் லேசாக வளைந்து, உடனே ஏறும். புதியவரின் கோடு இறங்கி, அடியில் கிட்டத்தட்ட தட்டையாகக் கொஞ்ச தூரம் ஓடி, பிறகு ஏறும். அந்தத் தட்டை எதைக் காட்டுகிறது? காலில் பிரேக்கும் இல்லை, ஆக்சிலரேட்டரும் இல்லை, கார் சும்மா உருள்கிறது. இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டரில் 12 திருப்பம், அதில் பாதியில் மட்டும் அரை வினாடி இப்படி உருண்டாலே இழப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெடலும் ஸ்டியரிங்கும் தெரியும்படி ஒரு கேமராவும் வையுங்கள். வேகக் கோடு எங்கே இழந்தீர்கள் என்று சொல்லும், ஏன் இழந்தீர்கள் என்பது கையிலும் காலிலும்தான் தெரியும்.

டிராக்கைத் தலைகீழாகத் தெரிந்து, கடைசி ஒன்றிரண்டு வினாடியைத் துரத்துபவருக்கு இது கோச்சைவிட மலிவு, அதைவிடப் பயனும் அதிகம். புதியவருக்கு வெறும் கோடாகவே நின்றுவிடும்.

சிமுலேட்டர், கார்ட்

டிராக் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மனப்பாடம் செய்ய சிமுலேட்டர் போதும். பிரேக் பழக வேண்டுமென்றால் அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பெடல் வேண்டும். பெடல் நகரும் தூரத்தை அளக்கும் சாதாரணப் பெடல் காலுக்குத் தவறான பழக்கத்தையே தரும். வாடகை கார்ட்டில் (சிறிய திறந்த பந்தய வண்டி) லைனும், திருப்பத்திலிருந்து வெளியேறும் எக்ஸிட்டும் நன்றாகப் படியும். ஆனால் சஸ்பென்ஷன் கிடையாது, பெரும்பாலானவற்றில் பின்சக்கரத்துக்கு மட்டுமே பிரேக். காரின் எடை முன்னும் பின்னும் நகர்வதை அங்கே படிக்க முடியாது.

ஒரே நாளில் எப்படி அடுக்குவது

ஐந்தாறு டிராக் டே அனுபவத்துக்குள் இருப்பவர் அரை நாள் கோச்சும் ஒரு லாகரும் சேர்த்து எடுப்பதே சரி. முதல் செஷன் லாகரோடு தனியாக. இரண்டாவதும் மூன்றாவதும் கோச்சோடு. நான்காவது மீண்டும் தனியாக. ஒன்றையும் நான்கையும் ஒரே திரையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள்.

அதற்கு முந்தைய வாரமே பிரேக் ஃப்ளூயிடை மாற்றிவிடுங்கள். புதிய டாட் 4 (DOT 4) தர ஃப்ளூயிடின் கொதிநிலைக்கு விதித்த குறைந்த அளவு 230 டிகிரி செல்சியஸ். ஈரம் இழுத்துப் பழசானதற்கு 155 மட்டுமே. கொதித்தால் பெடல் பஞ்சு போலத் தரைவரை இறங்கும், மீதிச் செஷன்களுக்குக் காரைப் பிட்டில் நிறுத்திவிட்டுக் கோச்சுக்குக் கூலி கொடுக்க வேண்டியதாகிவிடும். போட்டி உரிமம் வாங்கும் எண்ணமிருந்து பள்ளியைத் தேர்ந்தால், அதன் சான்றிதழை இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ ஏற்குமா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.