ஸ்லாலம் ஸ்கீ, செட்டிங், பயிற்சி என்று 1,04,500 ரூபாய் போனது: நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்கள் படித்துவிடுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். போன ஆடியில் நடந்தது இது. என் அக்கா மகன் கணுக்காலில் கட்டுப் போட்டு ஆறு வாரம் படுத்துக் கிடந்தான், அதனால்தான் இவ்வளவு நாள் எழுத மனம் வரவில்லை. படகு கயிற்றால் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் வழுக்கிப் போகிற வாட்டர் ஸ்கீயிங்கைச் சொல்லித் தருகிறேன் என்று எங்களிடம் பணம் வாங்கிய அதே ஆள் இப்போது புதிதாகப் பயிற்சிக்கு ஆள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டேன், இனியும் பேசாமல் இருந்தால் தப்பு. அவர் பெயரையோ இடத்தையோ சொல்லப் போவதில்லை. அவர் செய்தது என்ன, எதைப் பார்த்திருந்தால் நான் முதல் நாளே திரும்பி வந்திருப்பேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வளைகுடாவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தபோது வாட்டர் ஸ்கீயிங் பழகினேன். ஊர் திரும்பும் சமயம் ஒற்றை ஸ்கீயில் ஸ்லாலம், அதாவது மிதவைகளை இடமும் வலமுமாக வளைந்து சுற்றுகிற ஓட்டம் போய், ஆறு மிதவையில் நான்கு வரை சுற்றுவேன். மருமகன் விடுமுறைக்கு அங்கே வந்தபோது பழகியவன்தான், ஒற்றை ஸ்கீயில் எழுந்து நின்றுவிடுவான். தாமிரபரணியில் சின்ன வயசிலிருந்தே நீந்துகிறவன், தண்ணீர் பயமே கிடையாது. ஆனால் அங்கே ஸ்கீ, படகு எல்லாமே கிளப்புடையது. ஸ்கீயின் அடியில் வால் பக்கம் இருக்கிற ஃபின் என்ற தகடு என்ன அளவில் இருக்கிறது, காலை ஸ்கீயோடு பிடிக்கிற பைண்டிங் எந்தத் துளையில் இருக்கிறது என்று, அதாவது அதன் செட்டிங்கை, நான் குனிந்து பார்த்ததே இல்லை. ஊருக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து பழக ஆசைப்பட்டோம். இந்தப் பக்கம் இதற்கு இடம் கிடைப்பதே அரிது, ஆகவே கடலோரத்தில் ஒரு கழிமுகத்தில் ஒருவர் ஸ்லாலம் சொல்லித் தருகிறார் என்றதும் உடனே போன் போட்டேன்.

போனிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. "அண்ணாச்சி, ஸ்கீயும் நானே தாரேன், செட்டிங்கும் நானே பாத்துக்கிடுதேன், நீங்க துட்ட மட்டும் போடுங்க" என்றார். வெளிநாட்டு ஸ்கீ, கொஞ்ச நாள்தான் ஓடியது, 62,000 ரூபாய். போட்டிக்காரர்களுக்குச் செய்கிற செட்டிங் என்று 8,000. மூன்று நாள் பயிற்சி தலைக்கு 15,000. நாங்கள் எப்படி ஸ்கீ போவோம் என்று ஒரு வீடியோகூட அவர் கேட்கவில்லை, எடை கேட்கவில்லை, எந்தக் கால் முன்னால் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஒருவர் தண்ணீரில் நிற்பதைப் பார்க்காமல் அவருக்குச் செட்டிங் செய்ய உலகத்தில் யாராலும் முடியாது.

முதல் நாள் போய் இறங்கினால் ஆடிக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று அந்த மாசத்தில் எப்படி வீசும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முப்பந்தலில் காற்றாலைகளை அதை நம்பித்தானே நட்டிருக்கிறார்கள். ஸ்லாலத்துக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். விடியற்காலையில் ஒரு மணி நேரம் கிடைத்தது, அப்புறம் நாள் முழுக்கத் தண்ணீர் குதித்துக்கொண்டே இருந்தது. ஆடியில் மூன்று நாள் முகாம் வைக்கிறவருக்கு ஒன்று விஷயம் தெரியாது, இல்லையென்றால் நம் பணம் மட்டும்தான் தெரியும்.

மிதவைகளைப் பார்த்தேன். வெறும் தண்ணீர்க் கேன்கள், கண்ணளவில் கட்டி விட்டிருந்தார். ஸ்லாலம் பாதை என்பது அப்படி இஷ்டத்துக்குப் போடுவது இல்லை. நுழைவு வாசலிலிருந்து வெளி வாசல் வரை 259 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு மிதவையும் 11.5 மீட்டர் தள்ளி, ஒரு மிதவைக்கும் அடுத்ததற்கும் படகின் திசையில் 41 மீட்டர். நேரத்தை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கு 46 கிலோமீட்டரில் படகு போனால் இந்த 259 மீட்டருக்கு 20 விநாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். மருமகன் கரையிலிருந்து எடுத்த வீடியோவில் ஒரு தடவை 24 விநாடி, அடுத்த தடவை 17. படகில் வேகத்தைப் பிடித்து வைக்கிற கருவியே இல்லை, அவர் கைப்போக்கில் ஓட்டினார். வேகமும் நிலையில்லை, மிதவையும் இடத்தில் இல்லை என்றால் எப்போது ஸ்கீயை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற்றுவது, எப்போது ஒரு கையைக் கயிற்றுப் பிடியிலிருந்து விட்டு எட்டுவது என்று எதை வைத்துப் பழகுவது? படகு நம்மை இழுக்கிற கயிறு 18.25 மீட்டர் என்றார். அன்று நம்பினேன். பிறகு அளந்தால் 23 மீட்டர், அதாவது வெட்டவே வெட்டாத முழுக் கயிறு.

இரண்டாம் நாள்தான் உண்மையான ஏமாற்று தொடங்கியது. நான் இரண்டாவது மிதவையில் ஒவ்வொரு தடவையும் பிந்தினேன். "கையை மடக்கி இழுங்க, பின்காலில் சாய்ந்து நில்லுங்க" என்று படகிலிருந்து கத்தினார். கையை மடக்கி இழுத்தால் தோள் படகுப் பக்கம் திரும்பிவிடும், பின்காலில் உட்கார்ந்தால் ஸ்கீயின் முனை எழும்பித் திரும்பவே மாட்டேன் என்கும். இழுக்கும்போது கை நீட்டி, ஹேண்டில் என்ற கயிற்றுப் பிடி இடுப்பை ஒட்டிக் கீழே, கணுக்காலும் முழங்காலும் தளர்ந்து, இடுப்பு முன்னால் வந்து முன்காலில் எடை இருக்க வேண்டும் என்று கிளப்பில் முதல் வாரமே சொல்லித் தந்திருந்தார்கள். ஊர் வந்து இரண்டு வருஷம் ஆனதில் எனக்கே சந்தேகம் வந்து, அவர் சொன்னபடி செய்தேன், இன்னும் மோசமானது. உடனே "செட்டிங் பத்தல அண்ணாச்சி" என்று ஃபின்னில் விங் மாட்ட 4,500 வாங்கினார். விங் என்பது மிதவைக்கு வரும்போது ஸ்கீயின் வேகத்தைக் குறைக்கிற சின்னத் தகடு. கயிற்றைச் சுருக்கி வேகமாகப் போகிறவர்களுக்கு அது தேவை, எங்கள் வேகத்தில் எங்கள் குறைக்கு அது மருந்தே இல்லை. என் நிற்பில் இருந்த கோளாறுக்கு இரும்புக்கடைச் சாமானை விற்றார்.

அப்போது அவர் ஃபின்னை அளந்த விதத்தையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற பிளாஸ்டிக் ஸ்கேல். ஃபின்னில் பார்ப்பது மூன்று அளவு: நீளம், ஆழம், வாலிலிருந்து எவ்வளவு தூரம். ஒரு தடவைக்கு மாற்றுவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, பத்துப் பங்கு, அவ்வளவுதான். அதற்கென்று ஸ்லாட் காலிப்பர் என்ற நுட்பமான அளவுக் கருவி இருக்கிறது, அது இல்லாமல் செட்டிங் செய்தேன் என்றால் அது பொய். நீளத்தைக் காலிப்பரின் தாடையால் அளந்தால் ஒரு எண் வரும், நுனியால் அளந்தால் அதே ஃபின்னுக்கு வேறு எண் வரும். ஆகவே யாராவது நீளம் சொன்னால் எதால் அளந்தது என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அவர் ஒரு சீட்டில் ஆழம் 2.500 அங்குலம் என்று எழுதித் தந்தார். பின்னால் காலிப்பர் வைத்துப் பார்த்தபோது 2.41 இருந்தது. ஆழம் இவ்வளவு குறைந்தால் திருப்பத்தின் முடிவில் வால் தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கிவிடும்.

வழுக்கியது. மூன்றாம் நாள் காலை, மருமகன் அதில் போனபோது.

முந்தின நாள் சாயங்காலம் பின்காலுக்கு இருந்த வெறும் பட்டையை எடுத்துவிட்டு "கண்ட்ரோல் வரும்" என்று இறுக்கமான ஒரு பூட்ஸை மாட்டியிருந்தார். விழும்போது இரண்டு காலும் சேர்ந்து கழல வேண்டும், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து உள்ளேயே இருக்க வேண்டும். அவன் விழுந்ததில் முன்கால் கழன்றுவிட்டது, பின்கால் மாட்டிக்கொண்டு ஸ்கீ அதைத் திருகியது. நான் படகில் இருந்தேன். அவன் தண்ணீரில் "மாமா" என்று கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. தசைநார் கிழிந்திருந்தது.

பணம் திருப்பிக் கேட்டேன். "காயம் எங்க பொறுப்பு இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கியளே" என்றார். ஸ்கீக்கும் சேர்த்துத்தான் அந்தத் தாள் என்கிறார். வீட்டுக்கு வந்து ஸ்கீயின் மேலே ஒட்டியிருந்த பெரிய ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தால் 69 அங்குலம். எனக்கு 68 கிலோ, அவனுக்கு 64. எங்கள் எடைக்கும் வேகத்துக்கும் 65, 66 அங்குலம் போதும், 69 என்பது 85 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு. ஃபின்னைப் பிடிக்கிற திருகுகளில் இரண்டின் மரை தேய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் காலையில் வைத்த அளவு மத்தியானம் இருக்காது.

பில் தரவில்லை. பாதிப் பணம் ஜிபேயில் போனதற்குக் கணக்கு இருக்கிறது, வாட்ஸ்அப்பில் விலை பேசியதும் இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதுகிறேன். 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும். வேறு யாராவது அவரிடம் ஏமாந்திருந்தால் உங்கள் ரசீதுகளை அழித்துவிடாதீர்கள்.

வீடியோவைப் பழைய கிளப் நண்பருக்கு அனுப்பினேன். ஃபின்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை அவர். "படகு கிளப்புற இரண்டாவது அலையைத் தாண்டும் முன்னாடியே ஹேண்டிலை இடுப்பிலிருந்து விட்டுடுறீங்க, அதான் பிந்துது" என்றார். ஸ்கீயைக் கம்பெனி சொல்கிற அளவில் வைத்து, பைண்டிங்கை நடுத்துளையில் மாட்டி, நிற்பு சரியாகும் வரை எதையும் தொடாதீர்கள், தொட்டால் ஒன்றை மட்டும் மாற்றி நோட்டில் எழுதிவிட்டு நாலு தடவை போய்ப் பாருங்கள் என்றார். ஒரு பைசா வாங்கவில்லை. இப்போது வீட்டு முற்றத்து வேப்பமரத்தில் கயிற்றைக் கட்டி, ஹேண்டிலை இடுப்பில் வைத்துச் சாய்ந்து நின்று தினமும் பத்து நிமிஷம் பழகுகிறேன். கட்டுப் பிரித்த பிறகு மருமகனும் வந்து நிற்கிறான், இடது காலில் எடை போட இன்னும் கொஞ்சம் தயங்குகிறான்.

காலிப்பர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பழைய ஸ்கீ வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் பாளையங்கோட்டைக்குக் கொண்டு வாருங்கள், அளந்து எழுதித் தருகிறேன். ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன்.