புது டிஸ்க் என்று சொல்லி நாலு வருஷம் ஓடிய டிஸ்க்கை மாட்டிவிட்டுப் போனார்

கோத்தகிரியில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பேரகணியில் படகர்கள் கொண்டாடும் ஹெத்தை பண்டிகை என்று எடுத்த ரா ஃபைல்கள் (கேமரா தரும் சுருக்கப்படாத மூலப் படங்கள்) இரண்டு டெராபைட்டைத் தாண்டியதும், கிளவுடுக்கு மாதாமாதம் காசு கட்டி மாளவில்லை. சொந்தமாக ஒரு கிளவுட் சர்வரை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. யோசனையில் தப்பில்லை, இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறேன். ஆளைப் பிடித்ததில்தான் கோட்டை விட்டேன்.

2024 மார்ச்சில் கோவையிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். பேச்சு பிரமாதம். "ஃப்ரீபிஎஸ்டி போட்டு இசட்எஃப்எஸ் மிரர் பண்ணிடலாம் சார். ஒரு டிஸ்க் போனாலும் இன்னொண்ணு நிக்கும். அது மேல நெக்ஸ்ட்கிளவுட். பேக்கப் பத்தியே நீங்க யோசிக்க வேண்டாம்." ஃப்ரீபிஎஸ்டி என்பது விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம். இசட்எஃப்எஸ் அதில் டிஸ்க்குகளைக் கையாளும் ஃபைல் சிஸ்டம். மிரர் என்றால் ஒரே ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படும். நெக்ஸ்ட்கிளவுட்தான் படங்களை ஏற்றி இறக்கும் கிளவுட் மென்பொருள். மெஷின் 22,000, நாலு டெராபைட் டிஸ்க் இரண்டு 23,000, நெக்ஸ்ட்கிளவுட் லைசென்ஸ் 14,000, போட்டுத் தர 12,500. ஆக 71,500 ரூபாய். பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி மிச்சம் என்றார். நானும் தலையாட்டினேன். அந்த இடத்தில் என் மேலும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை.

லைசென்ஸ் என்று வாங்கினாரே, அது சுத்தப் பொய். நெக்ஸ்ட்கிளவுட் 2016-இல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்து வந்த கட்டற்ற மென்பொருள். சர்வர் மென்பொருள் ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். கம்பெனிகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு சப்போர்ட் தருவது தனி. என்னைப் போன்றவன் கொடுக்க வேண்டியது வேலைக்கூலியும் சாமானுக்கான விலையும் மட்டும்தான்.

முதல் மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. குன்னூர் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டே படங்களை ஏற்றினேன். அப்புறம் வெளியிலிருந்து அடிக்கடி திறக்காமல் போனது. போன் செய்தால், "இ-பாஸ் கிடைக்கல சார், மேல வர முடியல" என்பார். நீலகிரிக்கு வெளியூர் வண்டியில் வர எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டு அது. மே 7-இல் வந்ததுதான், ஆனால் அப்போது விண்ணப்பித்தால் உடனே கைக்கு வந்துவிடும். பஸ்ஸில் ஏறினால் அதுகூட வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு பஸ்ஸே இல்லையா என்ன? ஆகஸ்டில், வருடாந்திரப் பராமரிப்புக்கு 8,000 கட்டினால்தான் பார்ப்பேன் என்று மெசேஜ் வந்தது. நான் கட்டவில்லை. மறுநாள் வெளி இணைப்பு மொத்தமாக நின்றது.

தீபாவளிக்கு அக்கா பையன் பெங்களூரிலிருந்து வந்தான். "ரூட் பாஸ்வேர்டு என்ன மாமா?" என்றான். மெஷினின் முழு அதிகாரமும் தரும் பாஸ்வேர்டாம் அது. எனக்கு எங்கே தெரியும்? அவர் தரவே இல்லை. அவன் சிரித்துக்கொண்டே மெஷினில் மானிட்டரும் கீபோர்டும் செருகி, பழுதுபார்க்கும்போது பயன்படும் சிங்கிள் யூசர் மோடில் பூட் செய்து, பத்து நிமிஷத்தில் புது பாஸ்வேர்டு போட்டுவிட்டான். மெஷின் நம் கையில் இருக்கும்வரை, டிஸ்க் என்கிரிப்ட் ஆகாமலும் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படாமலும்) இருந்தால், யாரும் நம்மைப் பூட்டி வெளியே நிறுத்த முடியாதாம். இத்தனை நாளாக இது தெரியாமல் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

முதலில் டிஸ்க்குகளின் நிலையைக் காட்டும் ஸீபூல் ஸ்டேட்டஸ் என்ற கட்டளையை அடித்தான். திரையில் "டிகிரேடட்", அதாவது பழுது. ஒரு டிஸ்க் எப்போதோ செத்திருக்கிறது. இன்னொன்றில் படிக்க முடியாத ஃபைல்கள் என்று ஒரு நீளப் பட்டியல். அதில் ஜனவரி ஹெத்தை பண்டிகைப் படங்கள், வெள்ளை உடுத்தி ஊர்வலம் வரும் அந்த வரிசை, ஒரு ஃபோல்டர் முழுக்க. ஸ்க்ரப் ஒரு தடவைகூட நடந்திருக்கவில்லை. டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்த்து, கெட்டதை மற்ற டிஸ்க்கிலிருந்து சரிசெய்யும் வேலை அது. ஃப்ரீபிஎஸ்டியில் பீரியாடிக்.கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் 35 நாளுக்கொரு முறை தானே நடக்கும். அந்த ஒரு வரியைக்கூட அவர் போடவில்லை.

அடுத்து டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்மோன்டூல்ஸ் என்ற மென்பொருளை இறக்கி, உயிரோடு இருந்த டிஸ்க்கைப் பார்த்தான். பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது டிஸ்க் ஓடிய மணி நேரம், என்ற வரியில் 38,412. ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம்தான். கணக்குப் போட்டால் நாலு வருஷத்துக்கும் மேல். என்னிடம் வந்து ஏழு மாதம், மிஞ்சிப் போனால் 5,200 மணி. மீதியெல்லாம் யார் வீட்டில் ஓடியதோ! என் கண் முன்னாலேதான் அவர் டப்பா பிரித்தார், ஸ்டிக்கர்கூடப் பளபளவென்று இருந்தது. இந்த எண்ணையே அழித்துவிட்டு விற்கிறவர்களும் உண்டாம். அதனால் சீரியல் நம்பரைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் போட்டு வாரன்டி தேதியையும் பாருங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள்.

வெளி இணைப்பு நின்ற கதை இன்னும் மோசம். எங்கள் ஃபைபர் லைனில் நூறு வீட்டுக்கு ஒரே பொது முகவரி, சிஜிநாட் என்கிறார்கள். ரவுட்டரில் காட்டும் வான் (WAN, வெளி இணைப்பு) முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் இருந்தால் பெரும்பாலும் அதுதான். வெளியிலிருந்து நேராக வீட்டு மெஷினுக்கு வர முடியாது, ரவுட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை. அவர் இதைச் சொல்லாமல், தன்னுடைய வாடகை சர்வர் வழியாக என் மெஷினுக்கு ஒரு டனல், அதாவது தனிப்பாதை, போட்டிருக்கிறார். டொமைனும் (தளத்தின் பெயர்) அவர் பெயரில், தகவலைப் பூட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழும் அவர் சர்வரில். என் வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணப் படமெல்லாம் அவர் கண் முன்னால்தான் போய்வந்திருக்கிறது. இப்போது அக்கா பையன் வயர்கார்டு என்ற விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) போட்டுத் தந்திருக்கிறான். டொமைன் என் பெயரில்.

புது டிஸ்க் இரண்டு பில்லோடு வாங்கினேன். மிரர் போதும் என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். கை தவறி அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். மூன்றாவதாக ஒரு டிஸ்க்கில் வாராவாரம் காப்பி எடுத்து அக்கா வீட்டு பீரோவில் வைக்கிறேன். ஹெத்தை படங்களில் பாதி பழைய மெமரி கார்டிலிருந்து கிடைத்தது. மீதி போச்சு.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் உதகை நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்காக அந்தப் பழைய டிஸ்க் இரண்டையும், சீரியல் நம்பர் தெரியும்படி, லென்ஸ் வைக்கிற டப்பாவில் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு மூடி வைத்திருக்கிறேன்.