வீட்டோடு இருப்பதா, மாடியில் ஏறுவதா, கன்னியாப் பக்கம் போவதா? திருகோணமலை முதியவர்களுக்கு எது சரி?

பெரியம்மா பாலையூற்றில் தனியாக இருக்கிறார். வயது 78. மகள் கனடாவில், மகன் கொழும்பில். வீடு நல்ல கல்வீடு. ஆனால் மலசலகூடம் வளவின் பின்மூலையில், கிணற்றடியைத் தாண்டி இருக்கிறது. பின்கதவிலிருந்து 22 எட்டு. நான் நடந்து எண்ணிப் பார்த்தேன். மாரி மழையில், இரவில், ஒரு கையில் குடையும் மறுகையில் டோர்ச்சுமாகப் போகவேண்டும். கடைசியில் பாசி பிடித்த ஒரு படி. போன மார்கழியில் அந்தப் படியில்தான் விழுந்தார்.

முதியவர்களுக்கு வசதியான வீடு என்று பேச்சு வரும்போதெல்லாம் நம் ஊரில் நாலு வழி சொல்வார்கள். இருக்கிற வீட்டைத் திருத்திக் கொடுப்பது, நகரத்துக்குள் மாடிக் குடியிருப்பு, நகரத்துக்கு வெளியே கன்னியா அல்லது நிலாவெளிப் பக்கம் மலிவான காணியில் சிறு வீடுகள், முதியோர் இல்லம். கடைசியை இங்கே விட்டுவிடுகிறேன். பார்க்க ஒருவருமே இல்லாதவர்களுக்கும் படுக்கையில் விழுந்தவர்களுக்கும் அது கட்டாயம் தேவை. மற்ற எல்லோரையும் அங்கே அனுப்புவது தீர்வாகாது.

மலிவான காணி என்பது பலருக்கும் உடனே பிடித்துப்போகும் யோசனை. எனக்கு அதில்தான் அதிகப் பயம். கன்னியாவிலிருந்து பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு வர ஓட்டோ வேண்டும். கிளினிக் கொப்பியோடு விடியவே வந்து நம்பர் எடுக்கவேண்டிய 75 வயதுக்காரர், மாதம் ஒரு தரம் வந்து போனாலும் செலவு எங்கே போய் நிற்கும்? வருமானம் குறைந்த, 70 தாண்டியவர்களுக்கான முதியோர் கொடுப்பனவு 2025இல்தான் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. காணியில் மிச்சம் பிடித்த காசை அந்த மனிதர் ஓட்டோவுக்குக் கட்டிக்கொண்டிருப்பார். தூரத்தில் குடியேற்றுவது என்ன செய்யும் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தரத் தேவையில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தபோது, கடலை விட்டுத் தள்ளிப் போன மீனவக் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம்.

மாடிக் குடியிருப்புக்கு நியாயம் உண்டு. கடலும் துறைமுகமும் சூழ்ந்த ஊர் இது. கடற்படை, இராணுவம், துறைமுக அதிகார சபை வசமிருக்கும் காணி போக மிஞ்சுவது கொஞ்சம். ஆஸ்பத்திரி, சந்தை, கோயில் எல்லாம் கிட்ட இருக்கும். ஆனால் லிப்ட்? 2022 பங்குனிக் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு அது வீட்டுக்காவல். லிப்ட் பராமரிப்புக் காசை மாதா மாதம் யார் கட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது.

இருக்கிற வீட்டைத் திருத்துவதுதான் நாலிலும் மலிவு. அறையோடு ஒட்டிய மலசலகூடம், கொமட், சுவரில் கைபிடி, வாசலில் சாய்தளம். ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது சாய்தளத்துக்கு எங்கும் சொல்லும் கணக்கு. பொதுக் கட்டிடங்களுக்கு, மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான 2006 ஒழுங்குவிதிகள் இப்படியான வசதிகளைக் கேட்கின்றன. அரச வீடமைப்பு உதவியில் கட்டும் வீட்டுக்கும் கேட்டால் என்ன?

வீடு திருந்தினால் மட்டும் போதாது, ஆளும் வரவேண்டும். கேரளாவில் 1990களின் கடைசியில் மலப்புறத்தில் அயலவர்களையே பழக்கி, நாட்பட்ட நோயாளிகளை வீடு தேடிப் பார்க்கும் வலையமைப்பை உருவாக்கினார்கள். 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது. நம்மிடம் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் கையில் ஒரு பிரஷர் மெஷினும் வாரத்தில் ஒரு நாள் ஒரு தாதியும் கிடைத்தாலே பெரிய காரியம்.

சரி, வீடே தன் பேரில் இல்லாதவர்? கிழக்கில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். உறுதி எழுதும்போது சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையை, வைத்துக்கொண்ட பெற்றோர் தப்பினார்கள். "பிள்ளைதானே" என்று முழுதாக எழுதிக் கொடுத்தவர்கள் சிலர் இன்று பின்பக்கத் தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு முதியோர் பராமரிப்புச் சபைக்கு முறையிடலாம். பெற்ற மகள்மேல் முறைப்பாடு எழுத எந்தத் தாய்க்குக் கை வரும்?

அவர்களுக்குத்தான் புது வீடு வேண்டும், அதுவும் நகரத்துக்குள்ளேயே. என் யோசனை இரண்டு தட்டு மட்டும். கீழே பத்துப் பன்னிரண்டு சிறு வீடுகளும் ஒரு பகல் பராமரிப்பு நிலையமும், முதியவர்களுக்கு. மேலே, மாற்றலாகி வந்து வாடகைக்கு அலையும் உத்தியோகத்தர்களுக்கு. மேல்தட்டு வாடகையில் ஒரு பராமரிப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கலாம், இரவில் கூப்பிட்டால் ஓடிவரவும் ஆள் இருக்கும். சிங்கப்பூரில் 2021இல் புக்கிட் பாத்தோக்கில் தொடங்கிய முதியோர் குடியிருப்பில் வீட்டோடு சேவையையும் சேர்த்தே எடுக்கவேண்டும். குத்தகை 15 முதல் 35 வருடம். அந்தக் குத்தகை முறை நமக்கும் பொருந்தும். பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்க முடியாத வீடு என்றால், அது அடுத்த முதியவருக்கு மிஞ்சும்.

காசு கொஞ்சம்தான் வருமென்றால், முதலில் திருத்த வேலைக்கே கொடுங்கள் என்பேன். ஒரு புதுத் தொகுதிக்கு ஆகும் செலவில் எத்தனை வீடுகளுக்குள் மலசலகூடம் வந்துவிடும்!

பெரியம்மா வீட்டில் அறையோடு சேர்த்துக் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் நாலு அங்குலம் உயர்த்திக் கட்டுவது மேசன்மார் வழக்கம். வேண்டாம் தம்பி, தரையைச் சரித்து விடுங்கள் என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். நாளைக்குக் காலையிலும் போய் நிற்கப்போகிறேன்.